மறுநாள்

புதன்கிழமை ஆறரைக்கு உப்புவெளியில் கரண்ட் போகும்.
போனாலும் போதகர் செல்வகடாட்சம்
பலகையை விடமாட்டார்.
மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுதினார்:
2000. 3000.

ராஜா வார்ப்பித்த வெண்கலக் கடல்
ஒரு புத்தகத்தில் இரண்டாயிரம் குடம் கொள்ளும்,
மற்றதில் மூவாயிரம்.
"அப்ப எது பொய்?" என்று கேட்டான்
துறைமுகத்தில் கணக்கெழுதும் டிலுக்சன்.
கேட்டுவிட்டுச் சிரித்தான். வேறு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது, வேறு காரணத்துக்கு.
முகாமில் தண்ணீர்ப் பதிவு எழுதினவள் நான்.
பன்னிரண்டு தார்ப் பீப்பாக்களின் மேல்
நின்றது எங்கள் கறுப்புத் தாங்கி.
முகம் எது முதுகு எது என்று தெரியாத எருதுகள்.
கிண்ணியாவிலிருந்து வரும் ரிஃபாய்தீன் நானாவின் பவுசரில்
மூவாயிரம் லீற்றர் என்று பெரிதாய் எழுதியிருக்கும்.
நான் கொப்பியில் இரண்டாயிரம் என்று பதிவேன்.
அவர் சண்டைக்கு வரவில்லை.
"கழுத்து மட்டும் நெரப்பினா மூவாயிரந்தான் தங்கச்சி.
நெரப்பினா இந்த ரோட்டுல ஆயிரம் சிந்தும்.
அல்லாட தண்ணிய மண்ணுக்கா குடுக்கிற?"

போதகரும் கடைசியில் அதைத்தான் சொன்னார்,
நாலு வசனமும் ஒரு எபிரேயச் சொல்லும் சேர்த்து.
தலையாட்டினோம். தேத்தண்ணி வந்தது.

அழித்துவிட்டு மறுபடி எழுதினார்:
24000. 23000.
வாதையில் செத்தவர்கள்.
"இது சுலபம். ஒரே நாளில் விழுந்தது
இருபத்துமூவாயிரம். மிச்சம் ஆயிரம் மறுநாள்."
கையிலிருந்த வெண்கட்டித் தூளைத் தட்டினார்.

மறுநாள்.

அந்த ஆயிரம் பேரும் முதல்நாள் பொழுதுபட
உயிரோடு இருந்திருக்கிறார்கள்.
தண்ணீர் கேட்டிருப்பார்கள்.
யாரையாவது புதைத்துவிட்டுக்
கை கழுவியிருப்பார்கள்.

எங்கள் ஒழுங்கைக்குள் கடல் வந்துபோன அன்று
பெயர் எழுதினவர் ஐஸ்வாடி ரூபசிங்கம்.
இடுப்புவரை சேறு, பல்லிடுக்கில் மணல்,
ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில்
ஒவ்வொரு பாயாகத் தூக்கிப் பார்த்து எழுதினார்.
சூரை முப்பது கிலோ, பாரை நாற்பது என்று
எழுதிப் பழகிய கை.
இருமினார். இருமிக்கொண்டே கூட்டினார்.
இருபத்துமூன்று. அடியில் இரண்டு கோடு.
"பிழை கிடந்தா நாளைக்குத் திருத்துவம்" என்று
பேனையை என்னிடம் தந்தார்.

அவர் விழுங்கின கடல்
விடியப்புறம்தான் அவரை விழுங்கியது,
பெரியாஸ்பத்திரி நடையில்,
கட்டில் கிடைக்க முதல்.

விதானையாரின் பட்டியலில் இருபத்துநான்கு.
எங்களுடையதில் இருபத்துமூன்று.
மூன்று மாதம் கழித்துக் கச்சேரியில் ஒரு பெண்
இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து
"ஒண்டை வெட்டுங்கோ" என்றா.
அவவில் பிழையில்லை. படிவத்தில் ஒரு கட்டம்தான்.

இருபத்துமூன்று என்று எழுதினது அவருடைய கை.
இருபத்துநான்கு, அவர்.
எதை வெட்ட?
கட்டத்துக்கு வெளியே, சின்ன எழுத்தில்,
எங்கள் தொகைக்குப் பக்கத்தில் எழுதினேன்:
பின்னேரம் நாலு மணி வரை.

தோலில் எழுதினவனுக்கு
ஓரத்தில் இடம் இருந்திருக்காது.
இல்லையென்றால் அவனும் அந்த இரவு
இருமிக்கொண்டிருந்திருப்பான்.

இதையெல்லாம் நான் அங்கே சொல்லவில்லை.
தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது.
கரண்ட் வந்தது.
அடுத்த புதன் ராஜாவின் குதிரை லாயங்கள்,
நாற்பதாயிரமா நாலாயிரமா என்று.
"ஒரு சைபர்தான் வித்தியாசம்" என்றார் போதகர்.
"அந்தச் சைபருக்குள்ள எத்தினை குதிரை பாஸ்டர்?"
என்று கேட்டான் டிலுக்சன்.
இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள்.
நானும்தான்.