வேலை நேரத்தில் முனகியதாக

டிரங்க் கால் போர்டில்
என் இடப்பக்க நாற்காலி டெல்ஃபினுடையது.
பத்தொன்பது வருஷம்.
எந்தக் கால் வீங்கும், எந்த மகன் பேசுவதில்லை,
வெள்ளிக்கிழமை டிபன் பாக்ஸில் என்ன,
எல்லாம் தெரியும்.
பாடுவாள் என்று தெரியாது.

முனகுவாள்.
ஹூப்ளி லைனுக்குக் காத்திருக்கும்போது
தொண்டைக்குக் கீழே, எங்கோ அடிவயிற்றில்,
கனமான மேஜையை யாரோ இழுப்பதுபோல் ஒரு சத்தம்.
ஒரு ஏப்ரலில் எனக்கு ஒற்றைத் தலைவலி.
சூப்பர்வைசருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தேன்.
மெமோ வந்தது: வேலை நேரத்தில் முனகியதாக.
கையெழுத்துப் போட்டாள்.
அதன்பின் முனகவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால்
ரெசிடென்ஸி ரோடு பார் ஒன்றில்
சனிக்கிழமை தோறும் பாடியிருக்கிறாள்.
சோல் என்பார்களாம் அந்த வகையை.
ஒரே ஒரு இசைத்தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு.
உறையில் பெயர் டால்ஃபின் என்று தப்பாக.
அவென்யூ ரோட்டில் நோட்ஸ் புத்தகங்களுக்கு அடியில்
அதை நாற்பது ரூபாய்க்கு எடுத்தான் ஒரு பையன்.
யார் யாரோ கேட்டார்கள். மறுபடி அச்சாயிற்று.
எழுபத்து மூன்றில் ஒரு செக் வந்தது.
பல் செட் கட்டிக்கொண்டாள்.

நேற்று இந்திராநகர்.
இருநூறு பிள்ளைகள் நின்றபடி, கையில் பிளாஸ்டிக் டம்ளர்.
எனக்கு மட்டும் ஒரு நாற்காலி;
அவள் சொல்லி வைத்திருந்தாள்.
மூன்று படி ஏற மூன்று நிமிஷம்.
மைக்கை முந்தானையால் துடைத்தாள்,
அந்தக் காலத்து ஹெட்செட்டைப்போல.
முதல் வரியிலேயே பல் செட் விசிலடித்தது.
ஒருவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.
கழற்றி, கைக்குட்டையில் சுற்றி,
டிரம்ஸ் பையனிடம் நீட்டினாள்.

பிறகு அந்த மேஜை.
மேஜை மட்டுமில்லை, பீரோ, கட்டில், தையல் மிஷின்,
ஒரு வீட்டையே இரவோடிரவாக இழுத்துக் காலி செய்கிற மாதிரி.
சொற்கள் பாதி போயின.
பிள்ளைகள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள்.
நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்:
மெமோவுக்குப் பின் பதினோரு வருஷம்,
நாளைக்கு எட்டு மணி நேரம்,
என் இடது காதிலிருந்து ஒன்றரை அடியில்.

ஆட்டோவில் சொல்லிவிட்டேன்,
அன்று எழுதிக் கொடுத்தது யாரென்று.
"தெரியும். உன் கோழிக்கிறுக்கல் எனக்குத் தெரியாதா?"
டொம்லூர் சிக்னல் வரை வேறு பேச்சில்லை.
திடீரென்று வாயைத் தொட்டுப் பார்த்தாள்.
"ஐயோ, அந்தப் பையன்கிட்டயே இருக்கு."

திரும்பிப் போக
டபுள் மீட்டர் கேட்டான் டிரைவர்.
நான் தருகிறேன் என்றேன்.