தங்கத்தில் படக்கூடாது

டப்பாவின் அடியில்
சோற்றுப் பருக்கையிலும் சின்ன எழுத்தில் இருந்தது:
தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படாமல் பூசவும்.
நான் படித்தேன்.
படித்துவிட்டு யோகமணியிடம் சொன்னேன்,
"அக்கா, தோட்டைக் கழட்டி வச்சிட்டுப் பூசுங்க."

அவ்வளவு அக்கறை எனக்கு,
அடகுக் கடையில் பாதி ஆயுசைக் கழித்த
அந்த அரைப் பவுன் மேல்.

நோர்வூட் பஜாரில்
பேக்கரிக்கு மேல்மாடி என் பார்லர்.
ஒரு கண்ணாடி, ஒரு சுழல் நாற்காலி,
மழை நாளில் ஒழுகும் ஒரு மூலை.
சம்பளம் போட்ட சனிக்கிழமை
படிக்கட்டு வரை ஆள் நிற்கும்.
"பொண்ணு பார்க்க வாறாங்க."
"கொழும்புல துணிக்கடை வேலை, கொஞ்சம் வெளுத்தா நல்லம்."
"சும்மாதான் பிள்ளை. நமக்கு ஆசை இருக்காதா?"

புறக்கோட்டையிலிருந்து பெட்டியாய் வரும்.
பெயர் உண்டு, சிரிக்கிற பெண் உண்டு,
செய்தவன் விலாசம் மட்டும் இல்லை.
முதல் டப்பாவை நானே பூசினேன்.
மூன்று வாரம். பிறகு
என் முகத்தைக் காட்டித்தான் விற்றேன்.

ஐப்பசி மழையில் யோகமணி வந்தாள்.
எண்ணிக் கொடுத்த காசு
அவள் கையிலிருந்து தரையில் உதிர்ந்தது.
ஒரு நாளைக்கு இருபது கிலோ கொழுந்து பார்த்த கை.
"குளிருதா அக்கா?" என்று கேட்டேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரி. பிறகு கண்டி.
என்ன சாப்பிட்டாய் என்று எல்லோரும் கேட்டார்களாம்.
கடைசியில் ஒரு சின்ன டொக்டர்தான்,
பெண்பிள்ளை,
என்ன பூசினாய் என்று கேட்டாளாம்.

பாதரசம்.

சண்டைக்கு வருவாள் என்று இருந்தேன்.
வந்து உட்கார்ந்து, மெதுவாய்ச் சொன்னாள்:
"சின்னவனுக்கும் டெஸ்ட் எடுக்கணுமாம்.
அவன் என் கன்னத்தோட கன்னம் வச்சித்தானே தூங்குறான்."

மிச்சம் நாற்பத்தியொரு டப்பா.

ஓயாவில் எறியலாம். ஜன்னலைத் திறந்தால் போதும்.
எறிந்தால் காசல்ரீக்குப் போகும்,
காசல்ரீயிலிருந்து களனிக்கு,
களனியிலிருந்து கொழும்புக் குழாய்க்கு,
எந்தக் கடையிலிருந்து வாங்கினேனோ
அந்தக் கடைக்காரனின் தேத்தண்ணிக்கு.
ஒரு நிமிஷம்
அது நியாயமாய்க் கூடத் தெரிந்தது.
வழியில் எத்தனை பீலி, எத்தனை பிள்ளைகள்.

எரித்தால் புகையாய் வரும்.
புதைத்தால் கீழ் லயத்து ஊற்று.
பி.எச்.ஐ. ஐயாவிடம் போனேன்.
"திறக்க வேணாம், கட்டி வைங்க,
மேலே கேட்டுச் சொல்றேன்" என்றார்.
நல்ல மனுஷன். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பெட்டி நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது,
ஏழு சுற்று டேப் ஒட்டி.
முடி வெட்ட வருகிறவர்களின் காலில் இடிக்கும்.
"என்ன பிள்ளை இது?"
சொல்வேன். சிலர் இறங்கிப் போவார்கள்.
இப்போது எதை வாங்கினாலும்
போன் கமராவில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறேன்,
விலாசம் இல்லையென்றால் வாங்குவதில்லை.
கடை வாடகை இரண்டு மாதம் பாக்கி.
என் நெற்றிக்கு
பழைய நிறம் திட்டுத் திட்டாய்த் திரும்புகிறது,
கோபித்துப் போனவர்கள் ஒவ்வொருவராய் வருவதைப் போல.

போன கிழமை யோகமணி வந்தாள், முடி வெட்ட.
பையன் தேறிவிட்டான் என்றாள்.
மடியில் ஒரு கையை
மற்றக் கையால் பிடித்திருந்தாள்.
கண்ணாடியில் நான் பார்த்தது காதைத்தான்.
தோடு,
வாங்கின அன்று போலவே,
ஒரு கறை இல்லாமல்.