மூன்று மரக்கால்

நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்கு
ஞானஸ்நானத் தொட்டியைப் பற்றி
அரைப்பக்கம் வேண்டும் என்றார்கள்.
நான் சேகரத்தின் கணக்குப்பிள்ளை.
வரவு தெரியும், செலவு தெரியும்.
இரும்புப் பெட்டியைத் திறந்தேன்.
கரையான் பெயர்களைத் தின்று
தொகைகளை விட்டுவைத்திருந்தது.

முதல் வரி செலவுதான்.
நாகப்பட்டினத் துறையிலிருந்து கோரைத்திடலுக்குக்
கல் ஒன்று, வண்டி வாடகை ரெண்டு ரூபாய் நாலணா,
மாட்டுக்குப் புண்ணாக்கு மூன்றணா.
கப்பல் அடியில் பாரத்துக்குப் போட்டு வந்த கல் என்று
சபையில் ஒரு பேச்சு.
இருக்கலாம்.
இந்த மண்ணில் கல் ஏது,
ஆறு கொண்டுவந்து போடுவதெல்லாம் வண்டல்.
உளுந்தரைக்கும் ஆட்டுக்கல்கூட
வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்ததுதான்.

அப்புறம் ஒரு பூட்டு, ஆறணா.
தொட்டித் தண்ணீர் திருட்டுப் போகிறதாம்.
தலைச்சன் பிரசவத்துக்கு ஒரு கிண்டி,
வயிறு ஊதிய மாட்டுக்கு ஒரு செம்பு,
நாற்றங்காலில் தெளிக்க ஒரு தோண்டி.
எடுத்தவர்களில் பாதிப்பேர் நம் சபையே இல்லை
என்று குறைப்பட்ட உபதேசியார்
அபராதம் போட்டதாக எங்கும் இல்லை.
ரெண்டு மாதத்தில் பூட்டும் தொலைந்திருக்கிறது.

1926, தை.
இங்கே கையெழுத்து மாறுகிறது.
அறுப்புக் கூலி அளக்கிற பண்ணை மரக்காலுக்கு
அடியில் ரெட்டைப் பலகை என்று
சின்னப்பொண்ணு மகள் ரெபேக்காள் கண்டுபிடித்தாள்.
எப்படி என்று எழுதவில்லை.
உள்ளே முழங்கை விட்டுப் பார்த்திருப்பாள்,
வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை.
அரிவாளைக் கீழே வைத்த நாற்பது பேர்
சேற்றுக் காலோடு கோயிலுக்குள் வந்தார்கள்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
"இந்தத் தொட்டிக்கு ரெட்டை அடி உண்டா, ஐயா?"

உபதேசியார் மாசிலாமணி மூடியை எடுத்தார்.
ராவுத்தர் கடை முத்திரைப் படியை வாங்கிவந்து
அளந்து பார்த்தார்கள்.
தலைதட்டி, மூன்று மரக்கால்.

கதிர் சாய்ந்துகொண்டிருந்தது,
பண்ணை இறங்கி வந்தது.
பதினாறு நாள் கோயில் முற்றத்தில்
கூலி நெல்லைக் கல்லால் அளந்தார்கள்.
இடையில் ஒரு ஞாயிறு
தரங்கம்பாடியிலிருந்து வந்த குருவானவர்
ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது
தண்ணீரில் பதர் மிதந்ததாம்.
பிள்ளை தும்மியதாம்.
இதையும் யாரோ மெனக்கெட்டு எழுதியிருக்கிறார்கள்.

பதினேழாம் நாள் விடிந்தபோது
விளிம்பிலிருந்து அடிவரை கீறல்.
சம்மட்டி அடி.
யார் என்ற இடத்தில்
அரை விரற்கடை வெறுந்தாள்,
கரையானும் தொடாதது.
அடுத்த வரி:
சுண்ணாம்பு, வெல்லம், கடுக்காய், ஒன்றேகால் ரூபாய்.

காரை நிற்கவில்லை. ஈயம் நிற்கவில்லை.
போன வருஷம் ட்யூபில் வாங்கிய பசையும்
ஈஸ்டருக்குள் உரிந்துவிட்டது.

இப்போது கேன் தண்ணீர்.
ஆழ்குழாயில் உப்பு,
ஆடிக்கு முன்னால் நண்டலாற்றில் மணல்தான்.
இருபது லிட்டர் முப்பத்தைந்து ரூபாய்,
ஆராதனைச் செலவில் எழுதுகிறேன்.
ஊற்றினால் ஒன்பது நிமிடம் நிற்கும்.
போதகர் ஜெபத்தைச் சுருக்கப் பழகிவிட்டார்.
பிள்ளைக்கு மூன்று பெயர் வைத்திருந்தால்
முன்வரிசை சற்று நெளியும்.
தண்ணீர் கீறல் வழியே இறங்கி
தரைச் சரிவில் வாசலுக்கு ஓடி
முற்றத்தில் போய்க் காய்கிறது.

மலர்க் குழு கீறலை எழுத வேண்டாம் என்கிறது.
பண்ணைவீட்டுக் கொள்ளுப்பேரன்தான்
கஜா புயலில் பறந்த கூரைக்குத் தகரம் கொடுத்தவர்.
நல்ல மனிதர்.
முதல் பக்கத்தில் அவர் படம்.

சரி என்றேன். எழுதிக் கொடுத்துவிட்டேன்.
உயரம் மூன்றடி.
கல்லின் ஊர் தெரியவில்லை.
கொள்ளளவு, தலைதட்டி, மூன்று மரக்கால்.
கணக்கு என்றால் அடியில் ஒரு பெயர் வேண்டும் இல்லையா,
அதையும் போட்டேன்:
அளந்து சரிபார்த்தவர், சி. ரெபேக்காள்.