ஒன்பதரை

அத்திடிய சதுப்பின் ஓரம்
எங்கள் தகரக் கூரைக்குக் கீழே
இந்த ஊரில் பிறந்தது அந்தக் கொடுப்புலி மட்டும்தான்.
பத்தரமுல்லையில் ஒரு மீன்தொட்டிக் கடைக்குள் பிடிபட்டது.
கால் ஆறினதும் போய்விடும்.

மற்றதெல்லாம் தூரத்துச் சரக்கு.
இகுவானா கட்டுநாயக்காவில்
சொக்ஸுக்குள் சுருட்டிய நிலையில் கிடைத்தது.
மலைப்பாம்பு, கொள்ளுப்பிட்டி ஒன்பதாம் மாடியில்
வாடகைக்காரர் விட்டுப்போன குளியல் தொட்டியில்.
உள்ளங்கையளவு குரங்கைப்
பிறந்தநாள் வீடுகளுக்குப் படமெடுக்க வாடகைக்கு விட்டிருந்தார்கள்.
இன்னமும் யாராவது போனை எடுத்தால்
இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும்.

பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு: வந்த காரணம்.
இரண்டு விரல் அகலம்.
பொடி எழுத்தில் எழுதப் பழகிவிட்டேன்.

கூண்டு பதினொன்று. சாம்பல் கிளி.
கொட்டாஞ்சேனை மாடிவீடு.
‘உரிமையாளர் காலமானார்’ என்று எழுதினேன்.
கட்டத்தில் இடம் மிச்சமிருந்தது.

நெஞ்சில் இறகில்லை. தானே பிடுங்கியது.
மருந்து பூசும்போது டொக்டர் உதேனி
சிங்களத்தில் சமாதானம் சொல்லுவார்.
அதற்குத் தமிழ்தான் தெரியும் என்று
முதல் நாள் இரவு, ஒன்பதரைக்கு, எனக்குத் தெரிந்தது.

சளிபிடித்த, அவசரமான ஒரு பெண்குரல்:
“காஸை நிப்பாட்டினியா?”

எழும்பி ஓடினேன்.
பூசணி அவிக்கிற அடுப்பு
உண்மையாகவே நீலமாய் எரிந்துகொண்டிருந்தது.
திரும்பி வந்து, மூச்சு வாங்க,
“நிப்பாட்டிட்டன்” என்றேன்.
அது தலையைப் பின்னுக்குத் திருப்பி
இறகுக்குள் செருகிக்கொண்டது.

பிறகு ஒவ்வொரு இரவும்.
அது கேட்கும். நான் சொல்லுவேன்.

போயா நாட்களில் பல்டானோ வருவார்,
இரண்டு பஸ் மாறி, ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதையோடு.
பிலோமினா அக்காவின் தம்பி.
கூண்டின் முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.
“அவவின்ட குரல் எங்ககிட்ட ஒண்டிலயும் இல்ல மிஸ்.
கல்யாண வீடியோவில கூட பாண்ட் சத்தம்தான்.”
கிளி விதையைத் தின்னும்.
முச்சக்கரவண்டி பின்னுக்கு எடுக்கிற சத்தம் போடும்.
ஐந்து மணிக்குக் கேட் பூட்டுவோம்.

இரவில் பதிந்து அனுப்புகிறேன் என்றேன்.
ஒருநாள் கொடுப்புலிக்குக் காய்ச்சல்.
ஒருநாள் மழை, தகரச் சத்தம்.
ஒருநாள் போனில் சார்ஜ் இல்லை.
அவரிடம் சொல்லாத காரணம் ஒன்று:
அந்தக் கேள்வி என்னைத்தான் கேட்டது.
தெஹிவளையில் என் அறையில்
எதையாவது நிப்பாட்டினேனா என்று
கேட்க ஆளில்லை.

எசல போயா அன்று
விதையை விட்டுவிட்டுக் கிளி அவரைப் பார்த்தது.
கழுத்தைச் சாய்த்தது.
அவர் விரல் நடுங்கிச் சிவப்புப் பொத்தானை அமர்த்த,
சொன்னது:
“நிப்பாட்டிட்டன்.”

என் குரல்.
அதற்கு முந்தி வருகிற என் செருமலும் அப்படியே.
“நிப்பாட்டிட்டன்,” மறுபடியும். “நிப்பாட்டிட்டன்.”

கேள்வி எப்போது நின்றதென்று யோசித்தேன்.
கிழமைக் கணக்கில் இருக்கும்.
பாதித் தூக்கத்தில்
பதிலை மட்டும் சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

பல்டானோ என்னைப் பார்த்தார்.
நான் தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தேன்.
கொக்கு ஒன்று கூரையில் நடக்கிற சத்தம்.
போனை மெதுவாய்ச் சட்டைப்பைக்குள் போட்டு
“அப்ப, அவ கேட்டிருக்கிறா” என்றார்.
பொட்டலத்தை மடித்து, மேசையில் வைத்து,
பஸ்ஸுக்குப் போனார்.

அன்று பொழுதுபட்டுக் கொடுப்புலியை விட்டோம்.
பெட்டியைத் திறந்ததும் கோரைக்குள் ஒரு அசைவு.
அவ்வளவுதான். உதேனி கொஞ்சம் அழுதார்.

ஒன்பதரைக்குக் கூண்டு பதினொன்று பேசவில்லை.
ஒன்பதே முக்காலுக்கும் இல்லை.
எழும்பிப் போய்
ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்தேன்.
பூட்டித்தான் இருந்தது.
திறந்து, ஒருமுறை பூட்டினேன்.