பஞ்சுப் பனி

எங்கள் காம்பராவுக்கும் சந்தியாகு காம்பராவுக்கும்
நடுவில் இருக்கிற சுவர் கூரையைத் தொடாது.
கட்டின வெள்ளைக்காரன் செங்கல்லில் மிச்சம் பிடித்தான்.
அந்த ஒன்றரை முழ இடைவெளியில்
இதுவரை வந்தது கருவாட்டு வாசம்,
ஆரோக்கியத்தின் இருமல்,
சம்பளத்தன்று சண்டை.
இந்த டிசம்பரில் வெளிச்சம் வருகிறது.

சிவப்பு. இருட்டு. பச்சை. இருட்டு.
பிறகு எல்லாம் ஒரே நேரத்தில்,
வலிப்பு வந்தது போல.
மகள் நிரோஜினி படுத்தபடி எண்ணுகிறாள்,
நூற்றுப் பன்னிரண்டில் தூங்கிவிடுகிறாள்.
நான் எண்ணாமலே விழித்திருக்கிறேன்.
விடிந்தால் ஆறரைக்குப் பெரட்டு.

அவர்கள் மகன் ஜெரோம்
புறக்கோட்டையில் லைட் கடையில் நிற்கிறான்.
அங்கே விற்காததெல்லாம் ரயிலேறி
நானுஓயாவில் இறங்குகிறது.
இஸ்தோப்பில் காற்றடைத்த நத்தார் தாத்தா,
கூரையை விட ஒரு தலை உயரம்.
கரண்ட் போனால் மெல்ல மண்டியிட்டு
என் வாசல் பக்கம் குப்புற விழுகிறார்.
கரண்ட் வந்தால், போதை தெளியாதவர் மாதிரி
தள்ளாடி நிமிர்ந்து எல்லோருக்கும் கை காட்டுகிறார்.
எங்கள் லயத்தில் கரண்ட் நாளுக்கு நாலு தடவை போகும்.

சைப்ரஸ் உச்சியில் நட்சத்திரம், வாலே ஆறடி.
பஸ்ஸில் வருகிறவர்கள்
"நட்சத்திரத்தடியில எறக்கம்" என்கிறார்களாம்.
போன மாதம் வரை அந்த இடத்துக்கு
எங்கள் மாரியம்மா பெயர்.

எல்லாவற்றையும் விட எரிச்சல் அந்தப் பஞ்சு.
பாலன் குடில் மேல், வேலி மேல்,
வாசல் தேயிலைச் செடி மேல்
ஆரோக்கியம் பிய்த்துப் பிய்த்துத் தூவுகிறாள்.
"பனி," என்கிறாள்.
"பனிக்கு என்னா கொறச்சல் இங்க?"
கேட்டே விட்டேன்.
சிரித்தாள். "இது கருக்காத பனிடி."

மூன்று ராஜாக்கள் திருநாள் வரை கழற்ற மாட்டார்கள்.
என் உருளைப் பாத்திக்கு மேலே, வேலியோடு தொங்கும்
பழைய குண்டு பல்பு வரிசையையாவது
அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று போனேன்.
வாய் வரை வந்தது.
கேக் துண்டை வைத்து அடைத்துவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி வானத்தில் ஒரு மேகமில்லை.
காலையில் மலை முழுக்க வெள்ளை.
எது பஞ்சு, எது பனி என்று தெரியாமல்
நாய் இரண்டையும் நக்கிப் பார்த்தது.
ஒன்பது மணி வெயிலில் ஒன்று கரைந்தது,
மற்றது அப்படியே கிடந்தது.
கரைந்த இடமெல்லாம் கொழுந்து
அடுப்பில் வாட்டின மாதிரி கறுத்தது.
நாலாம் நம்பர் மலை மொத்தமும் போச்சு.
கணக்கப்பிள்ளை தராசைப் பார்க்காமலே சொன்னார்:
அரைப்பேர்.
ஆரோக்கியத்துக்கும் அரைப்பேர்.
கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள்,
அடியிலிருந்து ஒரு துணுக்குப் பஞ்சு விழுந்தது.
சிரிக்கலாமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பாத்தியைப் பார்த்தேன்.
நாலு வரிசை உருளை, வெந்த கீரை.
வேலியோரத்து வரிசை மட்டும்
ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது.
குண்டு பல்பின் சூடோ, சைப்ரஸ் மறைப்போ,
எனக்கென்ன தெரியும்.
குனிந்து இலையின் அடியைத் தொட்டுப் பார்த்தேன்.
பிறகு பல்பையும் தொட்டேன். விரல் சுட்டது.

ஆறாம் தேதி சாயங்காலம் சந்தியாகு ஏணியோடு வந்தார்.
நத்தார் தாத்தா அதற்குள் மடிந்து சாக்கில்.
"ஒனக்கு இனிமே நல்ல தூக்கம்," என்றார்.
அப்படியென்றால் சுவருக்கு மேலே
என் முணுமுணுப்பும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டேன்.
"அண்ணே, அந்த மஞ்ச பல்பு வரிசைய மட்டும்
மாசி வரைக்கும் வுட்டு வைங்க.
முடிஞ்சா இந்தப் பக்கம் ஒரு முழம்
இழுத்துக் கட்டுங்க."

"கரண்ட் பில்லு?" என்றார் மேலிருந்து.

அதைத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்,
ராத்திரியில், படுத்தபடியே,
சுவருக்கு மேலே.