எண்ணெய் போன பச்சை

போர்ட்டோவில் ஜனவரி மழைக்குத் தேதி கிடையாது.
கடைக் கண்ணாடியில் உள்ளும் புறமும் ஈரம்.
அடேலியு வந்தார், டோரோ ஆற்றில் படகு செலுத்துகிறவர்.
டீசல் மணக்கும் மேலங்கி,
உள்பையில் தீப்பெட்டி, தீப்பெட்டிக்குள் மோதிரம்.
"ஏலத்தில் எடுத்தது. அழுக்கு மட்டும் போனால் போதும்.
ஞாயிறன்று கேட்கப்போகிறேன்."
யாரை, என்னவென்று நான் கேட்கவில்லை.
ஐம்பத்தாறு வயதில் ஒருவருக்குக் காது சிவந்தால்
அப்புறம் கேட்க என்ன இருக்கிறது.

பதறாத காரியம் சிதறாது.
அன்று என் மேசையில் ஆறு கொக்கிகள்,
அறுந்த சங்கிலி இரண்டு,
வாயில் ஒரு பல்வலி.
லூப்பை எடுக்கவே இல்லை.
அதிர்வுத் தொட்டியின் வெந்நீரில் போட்டேன்.
கொசுக்கூட்டம் போல முனகியது அது,
மூன்று நிமிடம்.

எடுத்தபோது
பச்சை செத்திருந்தது.

மரகதம் விரிசலோடுதான் பிறக்கிறது.
பட்டை தீட்டுகிறவர்கள் அதற்குள் எண்ணெய் ஏற்றுவார்கள்,
ஒளி தடுக்கி விழாமல் போய்வர.
சொல்லி விற்றால் அது மோசடியில்லை.
தொழிலில் பதினெட்டு வருஷம், எனக்குத் தெரியாததா?
தெரிந்த கைதான் கறந்துவிட்டது.
வெள்ளை நரம்புகள்,
பனிக்கட்டி நொறுங்கி அப்படியே நின்றது போல.

"பழைய கல், இப்படித்தான் இருக்கும்" என்று சொல்ல
இரவெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.
சனிக்கிழமை அவர் தொப்பியைக் கழற்றி உதறினார்.
ஒத்திகை மறந்துவிட்டது. உள்ளதைச் சொன்னேன்.

உட்கார்ந்தார்.
"இந்தக் கோடெல்லாம் நேற்று வந்ததா?"
"இல்லை. கல்லுக்கு என்ன வயதோ அதே வயது.
நேற்றுதான் தெரிந்தது."
"எண்ணெய் திரும்ப ஏறுமா?"
"தேவதாரு எண்ணெய், இளஞ்சூடு,
காற்றை உறிஞ்சும் குடுவை. ஒரு வாரம். செலவு என்னுடையது."
ஓதம் கணக்கிடுகிறவர் போல விரல் மடக்கினார்.
"ஞாயிறு காத்திருக்காது" என்று
தீப்பெட்டியை மூடிக்கொண்டு போனார்.

செவ்வாயன்று இரண்டு குடைகள்.
ஒந்தினா, பாலத்தடியில் சாவி வெட்டுகிறவள்.
விரல் நுனிகளில் பித்தளைத் தூள், ஒன்றில் அந்த மோதிரம்.
"சாகக் குளிப்பாட்டியது நீங்கள்தானா?" என்றாள்.
லூப்பை வாங்கிக் கண்ணில் ஒட்டிவைத்து
மூச்சு விடாமல் பார்த்தாள்.
"இங்கே ஒரு மீன்முள் இருக்கிறது."
பிறகு தொழில்காரியின் கேள்வி:
"எண்ணெய் ஏற்றினால் எத்தனை வருஷம்?"
நான் ஒப்பித்தேன்.
வெந்நீர் கூடாது, வெயில் படும் ஜன்னல் கூடாது,
வைரத்தோடு ஒரே பெட்டியில் கூடாது,
வாசனைத் தைலம் உலர்ந்த பிறகே மோதிரம்,
ஈரத்துணியால் துடைத்தால் போதும்.
"சாவி வெட்டும்போது?"
"கழற்றிவிடுங்கள்."
"கழற்றினால் இவர் பயப்படுவாரே."
அடேலியு மழையைப் பார்த்தார்.

ரசீது எழுதினேன்:
மரகதம், ஒன்று. விரிசல் உண்டு. எண்ணெய் இல்லை.
பேனாவை வாங்கி அடியில் அவள் சேர்த்தாள்:
இருவருக்கும் தெரியும்.

அவர்கள் போனதும்
தொட்டியின் மூடியில் சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன்:
மரகதம் கூடாது. முத்து கூடாது. ஓப்பல் கூடாது.
பல்வலியோடு யாரும் கூடாது.
மாலைக்குள் ஈரத்தில் ஊறி
கடைசி வரி மட்டும்
படிக்கும்படி மிஞ்சியது.