நாற்பதாவது சட்டை

வடக்கு கேலரிக்கு அடியில் என் அறை.
ஒரு டியூப் லைட், ஒரு மேசை, சுடுநீர்க் குடுவை,
கசக்கும் மாத்தே இலை,
டேப் ஒட்டி வாயடைத்த இரண்டு அட்டைப்பெட்டிகள்.

ஒன்றில்
பெலெம் நகரத்துக் குவாமா, கண்டத்தின் சாம்பியன்.
மற்றதில்
அசுன்சியோன் நகரத்து இத்தா புக்கு, கண்டத்தின் சாம்பியன்.
பெட்டிக்கு நாற்பது சட்டை.
ஒரே ஆண்டு, ஒரே கோப்பை, ஒரே தங்க மை.
மொந்தெவிதேயோவில் இன்றிரவு ஆட்டம் முடியும்வரை
இரண்டும் உண்மை.

பதினோரு வருட வேலையில்
ஒரு கோல்கூட நான் பார்த்ததில்லை.
கூரை சொல்வதுதான் எனக்கு ஸ்கோர்.
தலைக்கு மேல் இன்று பெலெம்காரர்கள்,
ஐந்து நாள் பேருந்தில் கால் வீங்கி வந்தவர்கள்.
அவர்கள் குதித்தால் சுண்ணாம்பு உதிரும்.

இருபத்து மூன்றாம் நிமிடம்
என் மாத்தேயில் வெள்ளைப் பொடி.
ஒன்று என்று எழுதிக்கொண்டு
ஊதிக் குடித்தேன்.
பிறகு வெகுநேரம் மழை மட்டும்.
எழுபதைத் தாண்டி ஒரு கணம்
டியூப் லைட்டின் ரீங்காரம் துல்லியமாகக் கேட்டது.
அத்தனை பேர் ஒன்றாக மூச்சை நிறுத்தினால்
அதுவும் ஒரு கோல்தான்.
எதிர்ப்பக்கத்தில் ஒன்று எழுதினேன்.

பெனால்டி என்றால் கணக்கு எளிது.
தூசி. மௌனம்.
தூசி. மௌனம்.
தூசி, மறுபடி தூசி!
அவசரக் குடுக்கை நான்,
கத்தியை எடுத்துக் குவாமா பெட்டியின் டேப்பைக் கிழித்தேன்.
மூடியைத் திறப்பதற்குள்
ஒரு மௌனம்.
இன்னொன்று.
அதன்பின் மூன்றாவது, அது முடியவே இல்லை.

வாக்கிடாக்கி கத்தியது: "இத்தா புக்கு! சீக்கிரம்!"
தோளில் பெட்டியோடு ஓடினான் பையன் வால்தெமார்.
தூரத்தில், தெற்கே,
வேறு யாருடைய கூரையோ உதிர்ந்துகொண்டிருந்தது.

அப்போது கதவில் ஒருவன் நின்றான்.
பல்லில் கடித்த கையுறை, முழங்காலெல்லாம் சேறு.
உடைமாற்றும் அறை என்று நினைத்துவிட்டானாம்.
அவன் போர்ச்சுகீசும் என் ஸ்பானிஷும்
பக்கத்து வீட்டுக்காரர்கள்,
மதில் தாண்டிப் பேசிக்கொள்ளும்.
மன்னிக்கவும் என்று திரும்பியவன்
திறந்த பெட்டியைப் பார்த்தான்.

முதுகில் ஜுரந்திர் என்று பெயர்.
கோலி.
நேற்றைய பேப்பரில் அவன் கைகளை மட்டும்
தனியாகப் படம் போட்டிருந்தார்கள்.

"என்ன சைஸ்?"
கேட்டது நான்தான்.
ஏன் கேட்டேன் என்று இப்போதும் தெரியாது.
விதிப்படி அவன் அந்தப் பெட்டியைக்
கண்ணால்கூடக் காணக்கூடாது.

ஈர ஜெர்சிக்கு மேலேயே மாட்டிக்கொண்டான்.
அறையில் கண்ணாடி இல்லை.
என்னைப் பார்த்து நின்றான்,
நான்தான் கண்ணாடி என்பதுபோல.
"தோளில் கொஞ்சம் இறுக்கம்" என்றேன்.
ஆமாம் என்று தலையாட்டினான்.
வெளியே வாணவேடிக்கை தொடங்கியது.
ஒவ்வொரு வெடிக்கும் இமை துடித்ததே தவிர
அசையவில்லை.

பிறகு கழற்றினான்.
கடைக்காரன்போலக் கைகளை உள்மடித்து,
எழுத்து மேலே தெரியும்படி,
இருந்த இடத்திலேயே வைத்தான்.
"இரண்டாவது கதவு, இடதுபக்கம்" என்றேன்.
சரியாகப் போனானா தெரியாது.

ஒப்பந்தம் சொல்கிறது:
தோற்ற பெட்டியை அன்றிரவே வெட்ட வேண்டும்.
எழுத்தின் குறுக்கே, ஒவ்வொன்றாக,
போட்டோ எடுக்காமல்.
முப்பத்தொன்பது வெட்டினேன்.
மேசையெல்லாம் சாம், பியன், சாம், பியன்.

நாற்பதாவது ஈரம்.
ஈரத்துணியைக் கத்தரி வெட்டாது,
மெல்லும்.

நாற்காலியின் முதுகில் விரித்துப் போட்டேன்.
மேலே யாரோ படிக்கட்டு பெருக்குகிறார்கள்.
கடைசிப் பேருந்து பன்னிரண்டு பத்துக்கு.
மணி பன்னிரண்டே கால்.
காயட்டும் என்று
குளிர்ந்த மாத்தேயோடு உட்கார்ந்திருக்கிறேன்,
எதிரே அவன் தோள் அளவுக்கு
இன்னும் விரிந்தே இருக்கிறது
அந்தச் சட்டை.